நானூற்றுப் பதினெட்டுக்கு விற்றேன்

ஜூலை 1, திங்கள்

ஈரோட்டில் இரண்டு நாள் பங்குச் சந்தைப் பயிற்சி வகுப்பு முடித்துவிட்டு நேற்று கோவை திரும்பினேன். கட்டணம் ஒன்பதாயிரம், மதியச் சாப்பாடு சேர்த்து. வகுப்பெடுத்த தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். டிரேடர் என்றால் நாட்குறிப்பு எழுத வேண்டும். எதை வாங்கினோம், எதை விற்றோம், ஏன், அப்போது மனதில் என்ன உணர்ச்சி இருந்தது, எல்லாவற்றையும். எழுதி வைத்தால் உணர்ச்சி நம்மை விட்டுப் போய்விடுமாம். உணர்ச்சி போனால் லாபம் வருமாம்.

ஆகவே எழுதுகிறேன். பெயர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தொன்பது. தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. இப்போதைய தொழில் டிரேடிங். காலை ஒன்பதேகாலிலிருந்து மூன்றரை வரை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். இதுவரை நிகர லாபம்: கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டில் இன்னொருவரிடமும் பங்கு இருக்கிறது. என் மனைவி வசந்தாமணி. நூல் மில்லில் இருபத்தாறு வருடம் உற்பத்திச் செலவுக் கணக்குப் போட்டவள். பொன்னூத்து பம்ப்ஸ் என்று இங்கே கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனி. அதன் பங்கைப் பதினோரு வருடமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து வாங்கி, எண்ணூறு சேர்த்து வைத்திருக்கிறாள். விற்றது ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு என்ன விலை என்று கேட்டால் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. கணக்கு அவள் பெயரில். போன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் என்னிடம். டெக்னிக்கல் சமாச்சாரம் என் இலாகா.

உலகத்தில் முதலீட்டாளர் என்று ஓர் இனம் உண்டு, வாங்கிப் போட்டுவிட்டுத் தூங்குவார்கள் என்று வகுப்பில் அந்தத் தம்பி சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

உணர்ச்சி: இல்லை.

ஜூலை 3, புதன்

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துவிட்டது. காயில் கட்டும் மெக்கானிக் வந்தார். அரை மணி நேர வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, காரணம் வசந்தா. இந்த மாதம் கட்டுவதற்கு எத்தனை மோட்டார் வந்தது, எந்தெந்தக் கம்பெனி, வாங்கி எத்தனை வருடத்தில் எரிகிறது என்று அவரைப் போட்டுக் குடைந்தாள். இரண்டாவது காபியும் கொடுத்தாள். பொன்னூத்து மோட்டார் மட்டும் அவர் கைக்கு வருவதே அபூர்வமாம், உள்ளே செம்புக் கம்பியில் கஞ்சத்தனம் பண்ணுவதில்லையாம். அதை அப்படியே காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

எனக்கு மானமே போயிற்று. மெக்கானிக் போனபின், இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, பங்கு விலை திரையில்தானே இருக்கிறது என்றேன்.

"வெலைய நீங்க பாத்துக்குங்க. நான் பம்பப் பாத்துக்கறேன்" என்றாள்.

விலையை நான் பார்த்தேன். 415.

ஜூலை 8, திங்கள்

இன்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரியம் செய்தேன்.

பொன்னூத்து பம்ப்ஸ் விலைப் படத்தில் தலை-தோள் வடிவம் விழுந்திருக்கிறது. இடது பக்கம் ஒரு தோள், நடுவில் தலை, வலது பக்கம் ஒரு தோள். இந்த வடிவம் வந்தால் விலை சரியும், வகுப்பில் இதற்காகவே ஒரு முழு மத்தியானத்தைச் செலவழித்தார்கள். சந்தேகத்துக்குத் திருமூர்த்திக்குப் படத்தை அனுப்பினேன். திருமூர்த்தி என் டிரேடிங் கூட்டாளி, பீளமேட்டில் புரோக்கர் ஆபீசிலேயே குடியிருப்பவர். "தலை நல்லாவே தெரியுதுங்ணா" என்று உடனே பதில் வந்தது.

விற்றேன். எண்ணூறும். 418 ரூபாய்க்கு.

விற்றது வசந்தாவின் பங்குதான். ஆனால் இதை விற்றது என்று சொல்லக்கூடாது. 350க்கு இறங்கியதும் எண்ணூறையும் திருப்பி வாங்கி அதே இடத்தில் வைத்துவிடப் போகிறேன். அவளுக்கு எண்ணூறு எண்ணூறாகவே இருக்கும். நடுவில் கிடைக்கிற ஐம்பத்து நாலாயிரத்துச் சொச்சம் என் கணக்கில் இருக்கிற ஒரு சிறு பள்ளத்தை மூடும். பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது இங்கே தேவையில்லை.

விற்பதற்கான OTP வந்தபோது வசந்தா எதிரில்தான் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். யாருங்க மெசேஜ் என்றாள். கேஸ் புக்கிங் என்றேன்.

உணர்ச்சி: இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

விலை 409. ஒரே நாளில் ஒன்பது ரூபாய் இறக்கம். பாதையில் போகிற ஆளை நிறுத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் கஷ்டம். அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தேன். என்ன விசேஷம் என்றாள். சும்மா என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

431. போலி ஏற்றம். திருமூர்த்தியும் அதையேதான் சொல்கிறார்.

ஜூலை 16, செவ்வாய்

447. இதுவும் போலிதான்.

ஜூலை 19, வெள்ளி

தபாலில் பொன்னூத்து பம்ப்ஸ் ஆண்டறிக்கை வந்தது. கொரோனாவுக்கு அப்புறம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கம்ப்யூட்டரிலேயே நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் மறுபடி நேரில். ஆகஸ்ட் 23, அவினாசி ரோட்டில் ஒரு மண்டபம்.

வசந்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கூட்டமென்றால் அவளுக்கு அத்தனை இஷ்டம். மில்லில் இருபத்தாறு வருடம் கணக்குப் போட்டும் ஒரு முதலாளிகூட அவளை உட்காரச் சொன்னதில்லையாம். பொன்னூத்துக் கூட்டத்தில்தான் சேர்மனே எழுந்து நின்று, சொல்லுங்கம்மா என்பாராம். இதை எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். இன்று நூற்றொன்று. இந்தத் தடவை கேட்க ஒரு கேள்வி வைத்திருப்பதாகவும் சொன்னாள். பென்சில் சீவிக்கொண்டு அறிக்கையோடு உட்கார்ந்துவிட்டாள், குழம்பு அடிப்பிடித்தது.

விலை 452. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் இறங்காமல் எங்கே போய்விடும்?

ஜூலை 23, செவ்வாய்

பட்ஜெட் நாள். வசந்தாவின் பங்கு விற்ற பணம் மூன்று லட்சத்து முப்பத்து நாலாயிரம் அவள் கணக்கில் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற பணம் துருப்பிடிக்கும் என்றார் திருமூர்த்தி. பட்ஜெட் அன்று சந்தை ஏறும் என்று ஆப்ஷனில் பந்தயம் கட்டினோம். ஏறினால் இரட்டிப்பு, ஏறாவிட்டால் போட்டது காலி. கொஞ்சம்தான் போட்டேன்.

பதினொன்றரைக்கு ஏறியது. பன்னிரண்டரைக்கு இறங்கியது. நிதியமைச்சர் பேசி முடிக்கும்போது தொண்ணூற்றோராயிரம் காணவில்லை.

இதை நஷ்டம் என்று சொல்லக்கூடாது, பாடக் கட்டணம் என்று வகுப்பில் சொன்னார்கள். சரி, பாடக் கட்டணம்.

உணர்ச்சி:

ஜூலை 24, புதன்

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

அறிக்கையைப் படித்து முடித்துவிட்டாள். நான் அறிக்கை என்றால் முன்பக்கப் படத்தைப் பார்ப்பேன். அவள் கடைசியிலிருந்து படிக்கிறாள், குறிப்புகளிலிருந்து. கம்பெனி மோட்டாரைக் கடைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்க முன்பெல்லாம் அறுபது நாள் ஆகுமாம். இந்த வருடம் தொண்ணூற்று நாலு. விற்பனை ஏறியிருக்கிறது என்கிறார்களே, அது நிஜமாகவே குடியானவன் வாங்கியதா, இல்லை கடைகளில் அடுக்கி வைத்ததா? இதுதான் அவளுடைய கேள்வி.

எனக்கு வேறு கேள்வி. காய் நறுக்கிக்கொண்டே, ரொம்ப சாதாரணமாகக் கேட்பது மாதிரி, இப்போது ஒருத்தன் வந்து 465 தருகிறேன் என்றால் கொடுத்துவிடுவாயா என்றேன். கொடுப்பேன் என்று சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

"எதுக்குங்க குடுக்கோணும்? மில்லுல ஒரு கோன் நூலுக்கு அடக்கம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு மார்க்கெட்ல என்ன வெலைக்குப் போகுதுன்னு சேல்ஸ்காரங்களுக்குத் தெரியும். ரெண்டும் ஒரே நாள்ல ஒண்ணா இருந்து நான் பாத்ததே இல்லைங்க. அதுக்காக மில்ல தினம் வித்து வித்தா வாங்குனோம்?"

பங்கு ஒன்றுக்குக் கம்பெனி வருடம் முப்பத்தோரு ரூபாய் சம்பாதிக்கிறது, அடுத்த பத்து வருடமும் சம்பாதிக்குமா என்றுதான் தான் பார்ப்பதாகச் சொன்னாள். நான் அடுத்த பத்து நிமிடத்தைப் பார்ப்பவன். ஒரே கூரையின் கீழ் முப்பத்திரண்டு வருடம் எப்படி ஓட்டினோம் என்று தெரியவில்லை.

கத்திரிக்காயோடு விரலையும் நறுக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சந்தை சரிந்தது. எல்லாமே சிவப்பு. டிவியில் ஒருவர் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கோ உள்ளுக்குள் மத்தளம். பொன்னூத்து 480இலிருந்து நேராக 425. நான் விற்ற விலைக்கு இன்னும் ஏழே ரூபாய். ஏழு ரூபாய் இறங்கட்டும், இருக்கிற பணம் மொத்தத்துக்கும் வாங்கிவிடலாம், பிறகு ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வசந்தா வந்தாள். கையில் சீட்டுப் பணம் பதினேழாயிரம்.

"நம்ம கம்பெனியும் எறங்கியிருக்குமில்ல? இதுக்கு ஒரு நாப்பது வாங்கிப் போடுங்க. ஆடித் தள்ளுபடின்னா சனங்க கடைகடையா ஏறுது, இங்க தள்ளுபடின்னா ஓடுதுங்களே."

வாங்கிக்கொண்டேன். பணத்தைச் சொல்கிறேன், பங்கை அல்ல. நாளைக்கு இன்னும் இறங்கும் என்று திருமூர்த்தி அடித்துச் சொல்கிறார். நாற்பதுக்குப் பதில் நாற்பத்திரண்டாக வாங்கிக் கொடுத்தால் அவளுக்குத்தானே சந்தோஷம். வாங்கியாச்சா என்றாள். ஆச்சு என்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

461.

ஆகஸ்ட் 7, புதன்

478. இப்போது நான் வைக்க வேண்டியது எண்ணூற்று நாற்பது. இருக்கிற பணத்துக்கு ஐந்நூற்று நாற்பதுதான் வரும். திருமூர்த்தி போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

வசந்தா பீரோவிலிருந்து மயில்கழுத்துப் பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். கூட்டத்துக்கு. மகள் கல்யாணத்துக்கு அப்புறம் இன்றுதான் அது வெளியே வருகிறது. கேள்வியைத் தாளில் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அவள் குளிக்கப் போனதும் கூட்ட அறிவிப்பை எடுத்து முதல் தடவையாகப் படித்தேன். ஆகஸ்ட் 16 அன்று யார் யார் கணக்கில் பங்கு இருக்கிறதோ அவர்கள் பெயர்தான் பட்டியலில் வரும். திருமூர்த்தி ஒருவழியாகப் போனை எடுத்தார். பெயர் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "வாசல்லயே நிறுத்தீருவாங்கண்ணா" என்றார்.

பட்டுப் புடவையோடு அவள் வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் நினைக்க முடியவில்லை.

15 சுதந்திர தினம், விடுமுறை. வாங்கிய பங்கு கணக்குக்கு வர ஒரு வேலைநாள் வேண்டும். ஆக புதன் 14க்குள் வாங்கியாக வேண்டும். என்ன விலையானாலும் வாங்குவேன். சத்தியம்.

ஆகஸ்ட் 14, புதன்

காலை 10.20: வாங்கிவிட்டேன். 504 ரூபாய்க்கு 510 பங்கு. எண்ணூற்று நாற்பதுக்கு முந்நூற்று முப்பது குறைவுதான், ஆனாலும் அவள் பெயர் பட்டியலில் வந்துவிடும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. லேப்டாப்பை மூடினேன். மத்தியானம் ரேஷன் கடைக்கு நானே போகிறேன் என்று பையை வாங்கிக்கொண்டேன். வசந்தா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

மாலை 5.00: என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன், வேறொன்றுக்கும் இல்லை, எனக்கே புரிய வேண்டும்.

ஆப்பில் வாங்கும் பெட்டியில் இரண்டு பொத்தான் உண்டு. ஒன்று டெலிவரி, பங்கு நம் கணக்குக்கு வந்து தங்கிவிடும். இன்னொன்று இன்ட்ராடே, அன்றே வாங்கி அன்றே விற்பதற்கு. நாமாக விற்காவிட்டால் மூன்று இருபதுக்கு புரோக்கர் கம்பெனியே விற்றுவிடும். நான்கு வருடத்தில் நான் டெலிவரி பொத்தானைத் தொட்டதே கிடையாது. எதையும் ஒரு ராத்திரிகூட வைத்திருந்ததில்லை. இன்று காலையிலும் விரல் தன் பாட்டுக்குப் பழகிய பொத்தானில் போய் நின்றிருக்கிறது.

மூன்று இருபத்தைந்துக்கு ரேஷன் துவரம்பருப்போடு வீட்டுக்குள் நுழைகிறேன், போனில் மெசேஜ். 510 பங்கும் 497க்கு விற்கப்பட்டன. சந்தை மூட ஐந்து நிமிடம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. லேப்டாப் திறக்க ஒரு நிமிடம். பாஸ்வேர்டு தப்பு. மறுபடி தப்பு. மூன்றாவது தடவை திறந்தது. டெலிவரி பொத்தானைத் தேடி அமுக்கினேன், வாங்கு என்பதையும் அமுக்கினேன். 3.29. ஆர்டர் நிறைவேறியது என்று வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து, எத்தனை என்று பார்த்தேன்.

ஒன்று.

பொத்தானை மாற்றினால் எண்ணிக்கை தானாக ஒன்றுக்குத் திரும்பிவிடுமாம். அதற்குள் மணி மூன்றரை.

வசந்தா பருப்பை முறத்தில் கொட்டிப் பார்த்துவிட்டு, சரியான எடை, பரவாயில்லை என்றாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஒரு பங்கு அவள் கணக்குக்கு வந்து சேர்ந்தது. நான்கு வருடத்தில் நான் எடுத்த முதல் டெலிவரி.

திருமூர்த்தியிடம் கேட்டேன். ஒரு பங்கு இருந்தாலும் முழுப் பங்குதாரர்தான், உள்ளே விட்டே ஆக வேண்டும் என்றார். தெம்பு வந்தது. மீதிப் பணத்துக்கு இன்றே வாங்கியிருப்பேன், ஆனால் விலை 521. இந்த உயரத்தில் வாங்குகிறவன் முட்டாள். 480 வரட்டும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

526. நாளைக்குக் கூட்டம். வசந்தா தலைக்கு மருதாணி போட்டுக்கொண்டாள். நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். அவளுக்கு அதிசயம். பதினோரு வருடத்தில் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. வாங்க, பின்னாடி பார்வையாளர் வரிசை இருக்குது என்றாள்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் தண்ணீர் கேட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பத்து மணிக்கே போய்விட்டோம். வாசலில் மேசை போட்டு ஒரு பெண் பெயர் பதிந்துகொண்டிருந்தாள். வசந்தா அடையாள அட்டையைக் கொடுத்தாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டி, ஒரு சீட்டை அச்சடித்து நீட்டினாள். உள்ளே விடுவார்களா என்பது பற்றித்தான் நான் ஒரு வாரமாகக் கவலைப்பட்டேன். அந்தச் சீட்டில் என்ன அச்சாகும் என்பதை யோசிக்கவே இல்லை.

பெயர், கணக்கு எண், அதற்குக் கீழே: பங்குகள் 1.

தப்பா வந்திருக்கும்மா, இன்னொருக்கா பாரு என்றாள் வசந்தா. அந்தப் பெண் மறுபடி தட்டிப் பார்த்து, இல்லீங்கம்மா, ஒண்ணுதான் காட்டுது என்றாள். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வசந்தா சீட்டைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பேயறைந்தது மாதிரி நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் ஒன்றுமே கேட்கவில்லை. சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கினாள். அங்கே ஒரு வழக்கம், மைக்கைப் பிடித்ததும் முதலில் பெயரும் பங்கு எண்ணிக்கையும் சொல்ல வேண்டும். அவளுக்கு முன்னால் பேசியவர் பன்னிரண்டாயிரம் என்றார்.

"வசந்தாமணி. பங்கு ஒண்ணு."

மண்டபம் சிரித்தது. பெரிய சிரிப்பில்லை, ஆனால் சிரித்தது. எனக்கு மண்டபத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இத்தனை வருடத்தில் எவ்வளவோ இழந்திருக்கிறேன், இந்த அவமானத்துக்கு முன்னால் அதெல்லாம் தூசு. அதுவும் என்னை நோக்கி வந்ததல்ல, அவள் வாங்கிக்கொண்டாள்.

அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "ஒரு பங்கு வச்சிருக்கறவளுக்கும் கேக்கற உரிமை இருக்குதுங்க" என்று ஆரம்பித்து, அறுபது நாள் தொண்ணூற்று நாலான கதையைக் கேட்டாள். தாளைப் பார்க்கவே இல்லை. பாதியிலேயே மண்டபம் அமைதியாகிவிட்டது. பன்னிரண்டாயிரம்காரர் அறிக்கையைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

சேர்மன் எழுந்து நின்றார். மழுப்பவில்லை. விற்பனையைக் கூட்டிக் காட்டக் கடைகளுக்குக் கடனில் அதிகமாகத் தள்ளியது உண்மை, அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன், அடுத்த இரண்டு காலாண்டு விற்பனை குறையத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். நன்றிங்க என்று சொல்லி உட்கார்ந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். தலை-தோள், பட்ஜெட், மூன்று இருபது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் ஒரே ஒரு கேள்வி.

"அந்த நாப்பதுமா?"

ஆமாம் என்றேன். எண்ணூறு போனதற்குக்கூட அவள் கண் கலங்கவில்லை. அந்த நாற்பதுக்குக் கலங்கியது. வாங்கியாச்சு என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன் அல்லவா.

ஆகஸ்ட் 24, சனி

மூன்று வேளையும் சாப்பாடு போட்டாள். பேச்சில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மகள் போன் செய்தாள். வசந்தா நன்றாகச் சிரித்துப் பேசினாள். என்னைப் பற்றி, இருக்காரு என்றாள். திருமூர்த்தியின் எண்ணை அழித்தேன். அவர் பேரில் தப்பில்லை, தலை தெரிகிறதா என்று கேட்டவன் நான்தான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலை பேப்பரில் கூட்டச் செய்தி. விற்பனை குறையும் என்று பொன்னூத்து பம்ப்ஸ் சேர்மன் ஒப்புதல். ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்தது, எல்லோரும் விழுந்தடித்து விற்றார்கள். 526 இருந்தது 460, 450, 440. நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் முதல் பேச்சு.

எவ்வளவு இருக்கிறது என்றாள். இரண்டு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் என்றேன். வாங்கச் சொன்னாள்.

படம் உடைந்துவிட்டது, இன்றைக்கு எல்லோரும் ஓடுகிறார்கள், இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் 380க்கே கிடைக்கும் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவங்க விற்பனை குறையுதுன்னு ஓடறாங்க. நான் பொய்ய நிறுத்தறாங்கன்னு வாங்கறேன். அந்த மனுசன் நேரா பதில் சொன்னாருங்க. வாங்குங்க."

பொத்தானைக் காட்டினேன், டெலிவரி. எண்ணிக்கையை அவளே தட்டினாள், 582. அமுக்கியதும் என் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை சரிபார்த்தாள். ஆக மொத்தம் 583. எண்ணூற்று நாற்பதுக்கு இன்னும் 257 குறைகிறது. மாதம் பத்தாக என் பென்ஷனிலிருந்து வாங்கிச் சேர்க்க வேண்டும், இருபத்தாறு மாதம் என்று தீர்ப்பு. விலை ஏறினால் என்ன செய்வது என்று கேட்டேன். ஏறக்கூடாதுன்னு சாமி கும்பிட்டுக்குங்க என்றாள். கும்பிடத்தான் வேண்டும். போன் நம்பரும் பாஸ்வேர்டும் மத்தியானமே அவள் பெயருக்கு மாறிவிட்டன.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடக் கத்தியதில்லை, இப்போதாவது நாலு வார்த்தை திட்டிவிடு என்றேன். அவள் லேப்டாப்பை மூடினாள்.

"உங்களையும் அன்னாடம் வெல பாத்திருந்தேன்னா, கல்யாணமான மறு வருசமே வித்திருப்பேனுங்க."

அப்புறம் ஏன் விற்கவில்லை என்று கேட்டேன்.

"நான் வருசத்துக்கு ஒருக்காத்தான் கணக்குப் பாப்பேன், மார்ச் முப்பத்தொண்ணுக்கு. அன்னைக்கு எப்படியோ நஷ்டமில்லாம வந்து நின்னுக்குவீங்க. இந்த வருசந்தான் கொஞ்சம் இடிக்குது."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மார்ச் 31க்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.